பிக்கப் முன் வீல் பிரேக் ஜாம்: காலிப்பர் மாற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்க வழி என்ன?

தருவைக்குளம் லோடு:

எல்லோருக்கும் வணக்கம். மீன் லோடு அடிக்கும் பிக்கப் வைத்திருக்கிறேன், முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். சாயங்காலம் கரையில் பெட்டி ஏற்றினால் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக இரவோடு இரவாகக் கேரளா போய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். போன வருடம் இடது முன் காலிப்பர், அதாவது பேட் எனும் உராய்வுக் கட்டைகளை டிஸ்கின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பாகம், ஜாம் ஆகிப் புதிது போட்டோம். இப்போது வலது பக்கம். வண்டி நேராகப் போகாமல் லேசாக வலது பக்கம் இழுக்கிறது, டீ குடிக்க நிறுத்தினால் அந்த ஒரு வீலில் மட்டும் கருகல் வாடை, ரிம் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. ஜாக்கி போட்டு வீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன், இரண்டு கையும் போட்டுத் தள்ளினால்தான் நகர்கிறது. டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது.

பட்டறையில் காலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாம், ஆனால் அடுத்த வருடம் மறுபடி இதே கதை என்றால்? முன்கூட்டியே ஏதாவது செய்து இதைத் தடுக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

நாமக்கல் பட்டறை:

தம்பி, காலிப்பரைத் தூக்கிப் போடும் முன் உள்ளே எது ஜாம் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகக் காலிப்பர் ஜாம் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் பிஸ்டன் பிடித்திருக்கலாம், காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைடு பின் பிடித்திருக்கலாம், பேட் உட்காரும் பிராக்கெட்டில் துரு ஏறி பேடே இறுகியிருக்கலாம், இல்லை காலிப்பரில் ஒரு குறையும் இல்லாமல் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குப் புது காலிப்பர் போட்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலில் வீல் இறுகி நிற்கும்போதே, காலிப்பரில் பிரேக் ஆயிலிலிருந்து ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீறிட்டு வந்து வீல் உடனே லூஸ் ஆனால் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஹோஸையும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பெடலை மறுபடி மிதித்து வீலை இறுக வைத்து, இந்த முறை ஹோஸுக்கு மேலே இரும்பு பைப் சேரும் நட்டை லேசாக லூஸ் செய்யுங்கள். அங்கே விட்டால் கோளாறு மேலே, அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் வீல் அசையவில்லை என்றால் காலிப்பரைக் கழற்றிவிடலாம்.

கழற்றினதும் பேடைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. இரண்டு பேடும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கிறதா, ஒன்று மட்டும் தேய்ந்திருக்கிறதா, ஒரே பேடில் மேல் பக்கம் கனமாகவும் கீழ் பக்கம் சன்னமாகவும் சரிவாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காலிப்பரைக் கையால் பிடித்து உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள், நல்ல பின் என்றால் கை பலத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.

தருவைக்குளம் லோடு:

நன்றி அண்ணாச்சி. நிப்பிளைத் திறந்தேன், நாலு சொட்டு வந்தது, வீல் அசையவில்லை. கழற்றியாயிற்று. உள் பேட் சரிவாகத் தேய்ந்திருக்கிறது, ஒரு முனையில் தகடு தெரிகிறது, மறுமுனையில் பாதி மெட்டீரியல் அப்படியே இருக்கிறது. வெளி பேட் அவ்வளவு மோசமில்லை. மேல் பின் கையோடு வந்துவிட்டது. கீழ் பின் அசையவே இல்லை, ஸ்பேனர் போட்டு முறுக்கி முறுக்கித்தான் வெளியே எடுத்தேன். தண்ணீரும் மண்ணும் போகாமல் அதை மூடும் ரப்பர் உறையான பூட்டில் விரல் நுழையும் அளவு கிழிசல், உள்ளே கிரீஸ் என்று ஒன்றும் இல்லை, காவி நிறத்தில் சேறு மாதிரி துருதான் இருந்தது. பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து அழுத்தினால் மெதுவாக உள்ளே போகிறது.

நாமக்கல் பட்டறை:

அப்படியானால் உங்கள் காலிப்பர் நல்ல காலிப்பர். செத்தது ஸ்லைடு பின்.

இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள் பக்கம் மட்டும்தான். அது உள் பேடைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் மொத்தக் காலிப்பரும் இரண்டு பின் மேல் வழுக்கி நகர்ந்து வெளி பேடை இழுத்து டிஸ்கில் அழுத்தும். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர சீல் பிரேக் பிடிக்கும்போது முறுகி, விட்டதும் நிமிரும், அந்த நிமிர்வில் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்னால் போகும். அவ்வளவுதான் இடைவெளி. இவ்வளவு சின்ன அசைவை நம்பி ஓடுகிற சாமானில் ஒரு பின் துருப்பிடித்தால் காலிப்பர் கோணலாக நிற்கும், பேட் சரிவாகத் தேயும், டிஸ்கை விடவே விடாது. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

பின்னைச் சுத்தம் செய்து பாருங்கள். மேலே குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள், புது பின்னும் இரண்டு ரப்பர் பூட்டும் வாங்குங்கள், தனியாகவே கிடைக்கும், காலிப்பர் விலையோடு பார்த்தால் சொற்பம். பின் போகும் துளையை உருண்டை கம்பி பிரஷ் விட்டு அடிவரை சுத்தம் செய்து, துணி சுற்றிய குச்சியால் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள்.

பொள்ளாச்சி தேங்காய் லோடு:

நானும் பிக்கப்தான். பின்னுக்கு என்று தனிக் கிரீஸ் எல்லாம் தேடி அலைய வேண்டாம் நண்பரே. வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸையே பின்னுக்கும் போட்டு ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வாட்டர் சர்வீஸ் விடும்போது அடியில் டீசல் அடிக்கச் சொல்லுங்கள், துரு பக்கத்திலேயே வராது.

நாமக்கல் பட்டறை:

பொள்ளாச்சி நண்பர் சொன்ன இரண்டையும் நான் கடுமையாக மறுக்கிறேன், கோபம் வேண்டாம். பட்டறைக்கு வரும் ஜாம் ஆன பின்களில் பாதிக்குக் காரணமே இந்த இரண்டு பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

பிரேக்கில் இருக்கும் ரப்பர் வேறு, இன்ஜின் பக்கம் இருக்கும் ரப்பர் வேறு. பிரேக் சீலும் பூட்டும் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். பிரேக் ஆயிலை அது தாங்கும், ஆனால் டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் போன்ற பெட்ரோலிய சாமான் பட்டால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும். சந்தேகம் இருந்தால் பழைய பூட் ஒன்றை டீசல் ஊற்றிய டப்பாவில் போட்டு வைத்துச் சில நாள் கழித்து எடுத்துப் புதுப் பூட் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அளவு மாறியிருப்பது கண்ணுக்கே தெரியும். பல வண்டிகளில் இரண்டு பின்னில் ஒன்றின் நுனியில் சின்ன ரப்பர் உறை இருக்கும். பேரிங் கிரீஸ் பட்டு அது உப்பினால் துளைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும், துரு ஒரு துளி இல்லாமலே பின் ஜாம். பழைய வண்டிகளில் இந்த உறை இல்லாத வெறும் பின் இருந்தது, அதனால் தப்பித்தார்கள், அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, சாதாரண லித்தியம் கிரீஸ் 200 டிகிரிக்கு முன்பே உருகி ஓடிவிடும், லோடோடு மலை இறங்கினால் டிஸ்க் அதைத் தாண்டிப் போகும்.

சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக் காலிப்பருக்கு என்றே அச்சிட்ட சிந்தெடிக் கிரீஸ் போடுங்கள். சின்ன ட்யூப் ஒன்று வாங்கினால் நெடுநாள் வரும். அதையும் அப்பாதீர்கள், பின் முழுக்க மெல்லிய பூச்சு போதும். துளைக்குள் கிரீஸை நிரப்பிவிட்டுப் பின்னைத் தள்ளினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு பின்னை வெளியே உதைக்கும், அதுவும் பேடை இழுத்துப் பிடிப்பதில்தான் முடியும்.

டீசல் ஸ்பிரே பற்றி. சேஸிஸுக்கு அடிப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அடிக்கிற பையன் வீலுக்குள்ளும் சேர்த்துத்தான் அடிப்பான். பூட்டில் படும், ஹோஸில் படும், பேடில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. வாட்டர் சர்வீஸில் பக்கத்தில் நின்று வீல் பக்கம் டீசல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரஷர் தண்ணீரையும் பூட்டுக்கு நேராகக் கிட்டத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள், ரப்பர் உதட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

பொள்ளாச்சி தேங்காய் லோடு:

கோபம் எதுவும் இல்லை அண்ணா. என் வண்டியில் பின்னைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றில் நீங்கள் சொன்ன ரப்பர் உறை இருக்கிறது, அந்தப் பின் மட்டும்தான் இறுக்கமாக வந்தது. உறை புதிது வாங்கி மாற்றுகிறேன். எது மேலே எது கீழே என்று ஏதாவது கணக்கு உண்டா?

நாமக்கல் பட்டறை:

உண்டு, வண்டிக்கு வண்டி மாறும். கழற்றும்போதே சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள் அல்லது போனில் படம் எடுங்கள். மாற்றி மாட்டினால் பின் உராய்ந்து மறுபடி இறுகும்.

ரொறன்ரோ பிக்கப்:

வாசித்துக்கொண்டு வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது கனடாவில். உங்களுக்கு மீன் பெட்டியில் வடியும் உப்புத் தண்ணீர், எங்களுக்குக் குளிர்காலம் முழுக்க றோட்டில் கொட்டுகிற உப்பு. பனி உருகிய தண்ணீரோடு அது சேர்ந்து வாகனத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு காயாமலே கிடக்கும். இங்கே பிக்கப்புகளில் நாலு சில்லிலும் (வீலிலும்) டிஸ்க்தான், பின்னால் இருப்பவைதான் முதலில் இறுகும், முன் சில்லு அள்ளி எறிகிற உப்புச் சேறு முழுக்க அங்கே போய்ப் படுகிறது.

நாங்கள் வருடத்தில் இரண்டு தரம் ரயர் மாற்ற வேண்டும், குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. சில்லு எப்படியும் கழலுகிறது, அந்த நேரத்திலேயே கலிப்பரைக் கழட்டிப் பின்னைத் துடைத்து கிறீஸ் பூசி மாட்டினால் ஒரு சில்லுக்கு அரை மணித்தியாலம் மேலதிகமாகப் பிடிக்கும். அதைச் செய்கிற ஆட்களின் கலிப்பர் வருடக்கணக்கில் ஓடுகிறது.

பிறாக்கெற்றைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. பேட்டின் இரண்டு முனையும் உட்காருகிற இடத்தில் மெல்லிய எவர்சில்வர் கிளிப் இருக்கும். துரு கிளிப்பில் வராது, கிளிப்புக்குக் கீழே வார்ப்பிரும்பில் வரும். துரு பொங்கிக் கிளிப்பை மேலே தூக்கும், இடைவெளி குறைந்து பேட் இறுகும். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் பளபளப்பாகத்தான் தெரியும். ஆகவே கிளிப்பைக் கழட்டி, கீழே கம்பி பிரஷ்ஷும் அரமும் போட்டு இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து புதுக் கிளிப் போடுங்கள். பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்க வேண்டியிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

புது வாகனம் வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின் சில்லுக் கலிப்பரிலேயே மின் மோட்டரில் ஓடுகிற பார்க்கிங் பிறேக் இருந்தால் சேர்விஸ் மோடில் போட்டுப் பிஸ்டனைப் பின்னுக்கு வாங்கிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். கிளாம்ப் போட்டுப் பலவந்தமாக அமத்தினால் உள்ளே உடைந்துவிடும்.

தருவைக்குளம் லோடு:

அண்ணே, பேட்டின் இரு முனையும் இறுக்கம் என்று நீங்கள் சொன்னது என் வண்டியிலும் இருக்கிறது. கிளிப்பைத் தூக்கினால் அடியில் வெங்காயத் தோல் உரிவதுபோலத் துரு அடுக்கடுக்காக வருகிறது.

கோவை சேஸிஸ்:

பிரேக் ஆயிலை யாரும் தொடவில்லையே. ஸ்லைடு பின் வெளியிலிருந்து கெடும், பிஸ்டன் உள்ளிருந்தும் கெடும். டாட் 3, டாட் 4 என்று தர நம்பர் போட்டு வரும் பிரேக் ஆயில் இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஹோஸ் வழியாகவே மெல்ல மெல்ல ஈரம் ஏறும். இன்ஜின் ஆயில் போல அது சுற்றி வருவதும் இல்லை, காலிப்பரில் இருக்கும் ஆயில் அங்கேயே கிடந்து சூடாகி ஆறி, சிலிண்டர் சுவரை அரித்துக்கொண்டிருக்கும்.

புதிய டாட் 3 கொதிக்க குறைந்தது 205 டிகிரி, டாட் 4 என்றால் 230 டிகிரி வேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் 3.7 சதவீதம் ஏறிய நிலையில் அந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடும். ஏற்கெனவே பின் ஜாம் ஆகி ஒரு வீல் சூடேறிக்கொண்டிருக்கும் வண்டி, பழைய ஆயில், மலை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் ஆயில் கொதித்து ஆவியாகி பெடல் தரையைத் தொடும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது கீழ் கியரில் வராமல் பிரேக்கிலேயே வருகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆரியங்காவு இறக்கமும் லோடு வண்டிக்குச் சும்மா இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றுங்கள், கடலோர வண்டி என்றால் வருடம் ஒருமுறை. வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் எந்த நம்பர் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது, 5.1 என்பது அதுவல்ல. திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நாமக்கல் பட்டறை:

கோவைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. பிஸ்டன் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். பேடைத் தகடு தெரியும்வரை ஓட்டினால் பிஸ்டன் வெகுதூரம் வெளியே வந்து நிற்கும். டஸ்ட் பூட் கிழிந்திருந்தால் அந்த வெளியே வந்த பாகத்தில் துருவும் மண்ணும் ஒட்டும். அப்புறம் புது பேட் போடுவதற்காக அந்தத் துருப்பிடித்த பாகத்தையே சீல் வழியாக உள்ளே தள்ளுகிறோம். பேட் மாற்றினேன், கொஞ்ச நாளில் பிரேக் ஜாம் என்று வரும் வண்டிகள் பல இந்த வழியில் வந்தவை. ஆகவே பேட் மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போதே மாற்றிவிடுங்கள், தள்ளும் முன் பிஸ்டனின் வெளிப்பாகத்தை பிரேக் கிளீனர் தொட்ட துணியால் துடையுங்கள். பிஸ்டனில் குழி தெரிந்தால் சீல் கிட் மட்டும் போட்டால் நிற்காது, பிஸ்டனும் மாற வேண்டும்.

தள்ளும்போது நிப்பிளைத் திறந்து ட்யூப் மாட்டிப் பழைய ஆயிலை பாட்டிலில் விடுங்கள். காலிப்பரில் கிடந்த கழிவை வீல் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் திருப்பி அனுப்பாதீர்கள். கழற்றின காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பேட் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத் துணியால் எடுங்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துக் கல்லுபோல ஆனபிறகே கியர் போடுங்கள். இதை மறந்து பட்டறைச் சுவரில் மோதின வண்டிகள் உண்டு.

தருவைக்குளம் லோடு:

வேலை முடிந்தது. இரண்டு பக்கமும் புது பின், பூட், கிளிப், பேட் போட்டு ஆயில் முழுவதும் மாற்றினேன். காலிப்பர் பழையதேதான். வீல் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இரண்டு முன் ரிம்மையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே அளவு இளஞ்சூடு.

இனி எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்? கூடவே இன்னொன்று. லோடு ஏற்றினாலும் பின் பிரேக் பிடிப்பதாகவே தெரியவில்லை, முன்னாலேயே மொத்த பாரமும் விழுகிறது. முன் பேட் சீக்கிரம் தேய்வதற்கு அதுவும் காரணமாக இருக்குமா?

நாமக்கல் பட்டறை:

உள்ளூரில் காய்ந்த லோடு ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதம் போதும். உங்களுடையது மீன் வண்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்னை வெளியே எடுத்துப் பாருங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அதற்குள் துரு வேலையை முடித்துவிடும். தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான், லோடு இறக்கினதும் அடிப்பகுதியையும் வீலையும் நல்ல தண்ணீரில் சாதாரண ஓஸ் வைத்துக் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவைத்து நிறுத்துங்கள். கன்டெய்னர் வடிகால் குழாய் எங்கே வடிகிறது என்றும் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் ஐஸ் தண்ணீர் சேஸிஸ் மேலேயே வழிந்து பின் ஆக்சிலில் சொட்டும். குழாயை நீட்டி வீலுக்கு விலகி டப்பாவில் விழும்படி செய்தால் பாதித் துரு நின்றுவிடும், ரோட்டில் வருகிறவனுக்கும் வழுக்காது.

பின் பிரேக் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பழைய பிக்கப் பலவற்றில் பின் ஆக்சிலுக்கு மேலே லோடு சென்சிங் வால்வு ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திருப்பிப் பின் பிரேக்குக்குக் கூடுதல் பிரஷர் விடும். ஐஸ் தண்ணீர் சொட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். கம்பி துருப்பிடித்து வெறும் வண்டி நிலையிலேயே நின்றுவிட்டால் லோடு ஏற்றினாலும் பின் பிரேக்குக்குப் போதிய பிரஷர் வராது, எல்லாம் முன் காலிப்பர் தலையில் விழும். லோடு இல்லாதபோது அடியில் போய் அந்தக் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ட்ரம்மைக் கழற்றி, உள்ளே பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பூட்டைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கசிவு, அதன் ரப்பர் கப் மாற்ற வேண்டும். அசையவில்லை என்றால் வால்வைச் சுத்தம் செய்து பாருங்கள், சரிவரவில்லை என்றால் மாற்றுங்கள், ஆனால் கம்பியின் நீளத்தை உங்கள் கணக்குக்கு மாற்றாதீர்கள். நீளம் தப்பினால் காலி வண்டியில் பின் வீல் பூட்டிக்கொண்டு மழையில் வண்டி சுற்றிவிடும். இப்போது இருக்கும் நீளத்தை அளந்து குறித்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.